மஞ்சள் சிவந்த சுவர்

எங்கள் வீட்டுச் சுவர் ஒரு தடவை சோப்பாகிவிட்டது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ரசாயன சாஸ்திரம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்து, விரலால் தேய்த்து, முகர்ந்து, "அசல் சோப்புத்தான், ஐயா, குளிக்கத்தான் உதவாது" என்று தீர்ப்புக் கூறினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவர் என் தகப்பனாருக்காக வர்ணம் பூசிய சுவர்.

அப்பா முப்பத்தைந்து வருஷம் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மாற்றல் வந்த ஊர்களிலெல்லாம் வாடகை வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்காரர் ஒப்புக்கு அடித்துவிட்டுப் போன வெள்ளை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் சுண்ணாம்பு. ஆபீசுக்குக் கிளம்பும்போது அம்மா பின்னால் நின்று சட்டையைத் தட்டிவிடுவது எங்கள் வீட்டில் காலைப் பூஜையைப் போல ஒரு நித்திய கர்மம். அதனால், ஓய்வு பெற்ற பணத்தில் சென்னைக்கு வெளியே ஒரு மனை வாங்கி, 1971-ம் வருஷம் வீடு எழும்பியபோது, அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என் அறையில் வெள்ளை வேண்டாமடா. சாய்ந்தால் ஒட்டாத சுவர் வேண்டும். கச்சேரிகளில் இடுப்பளவுக்குப் பச்சைப் பெயிண்டு அடித்திருப்பார்களே, அந்த மாதிரி." அப்போதே அவருக்கு மூச்சுத் திணறல் தொடங்கியிருந்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் பேசியதும் அந்த மாதந்தான்.

உள்பூச்சு முடிந்தது ஐப்பசிக் கடைசியில், அடைமழைக்கு நடுவே. கார்த்திகையில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தாயிற்று. பெயிண்டுக்காரர்களை வரச் சொன்னேன். கட்டடத்தைக் கட்டிய கொத்தனார் வயதானவர். என்னைத் தம்பி என்றும் அப்பாவை ஐயா என்றும் அழைப்பார். அவர் கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இது பச்சைச் சுவரு. இன்னும் தண்ணியும் காரமும் உள்ளே நிக்குது. வெள்ளை வேணும்னா இப்பவே அடிச்சுக்குங்க. பெயிண்டுன்னா ஒரு கோடை பார்க்கட்டும்."

"கோடைக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது, கொத்தனாரே!" என்றேன். அவருக்கு டாக்டர் சொன்னது தெரியாது. எனக்குச் சுவரைப் பற்றித் தெரியாது.

அன்று மாலை அம்மா வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அறைச் சுவரிலும் மஞ்சளைக் குழைத்து விரலால் வட்டமாகத் தீற்றிக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் அறையில் வைத்த மஞ்சள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. குங்குமமே தேவையில்லை என்னும்படி ரத்தச் சிவப்பாயிற்று. வந்திருந்த பெண்கள், "அம்பாளே வந்துவிட்டாள்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொத்தனார் மட்டும் என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஆரத்தித் தட்டு ஏன் சிவக்கிறது என்பது நம் வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரிந்த சங்கதி. மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு விழுந்தால் சிவப்பு. காரம் இருக்கும் இடத்தில் மஞ்சள் சிவக்கும். அம்மாவின் விரல், தான் அறியாமலே, அந்தச் சுவரைப் பரீட்சை செய்துவிட்டது. பரீட்சையில் சுவர் தேறவில்லை. நான் பெயிண்டு அடித்தேன்.

பொங்கலுக்குள் பச்சை வர்ணம் அங்கங்கே கொப்புளித்தது. கொப்புளத்தைக் கிள்ளினால் உள்ளே பிசுபிசுவென்று ஒரு வழுவழுப்பு. மேலே டிஸ்டெம்பர் அடித்த பகுதியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை உப்புப் பூத்தது. ஈரத்துணியால் துடைத்தேன், இரண்டு நாளில் முன்னைவிட அதிகமாகப் பூத்தது. அப்புறந்தான் அந்த ரசாயன நண்பரை அழைத்தது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. சோப்புத் தொழிலே அவ்வளவுதான். பெயிண்டில் இருந்தது ஆளிவிதை எண்ணெய், சுவரில் இருந்தது காரம், நடுவே ஈரம் தரகு வேலை பார்த்தது என்று விளக்கினார்.

மனிதர்கள் புதுச் சுவரோடு மல்லாடிய சரித்திரத்தை நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது இந்த அவமானத்திலிருந்துதான். நாவல் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

முதலில் சுண்ணாம்பின் கதை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுமார் 900 டிகிரி சூட்டில் காளவாயில் இட்டுச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதன்மேல் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். கொத்தனார்கள் இதைத் தாளிப்பது என்று சொல்வார்கள், சமையல் அறையில் கேட்கும் அதே சீறல்தான். இந்த நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. நெருப்பிலே பறிகொடுத்ததைக் காற்றிலே மீட்டுக்கொள்கிறது. மேல்தோல் சில நாளில் இறுகும். உள்ளே போகப் போக மாதங்கள், கனத்த சுவரானால் வருஷங்கள். இந்த வியாபாரம் நடக்கும் வரையில் சுவரிலே காரம் இருக்கும். கொத்தனார் பச்சைச் சுவர் என்று சொன்னது இதைத்தான். பச்சைக் குழந்தை, பச்சைப் புண் என்கிறோமே, அதே பச்சை.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பத்துப்பாட்டில் நெடுநல்வாடை இருக்கிறது. நக்கீரர் நம்மைப் பாண்டிமாதேவியின் அந்தப்புரத்துக்குள்ளே அழைத்துச் சென்று, சுவரில் இழைத்த சுதை வெள்ளி நிறங் காட்டுவதையும், செப்பு நிறச் சுவரில் பூங்கொடி ஒன்றைச் சித்திரமாக ஓடவிட்டிருப்பதையும் காட்டுகிறார். தலைவனைப் பிரிந்து தூக்கமில்லாமல் கிடக்கும் அரசியைப் பாட வந்த புலவர் சுவரின் பூச்சைக் கவனிக்க மறக்கவில்லை!

சுதை என்றால் சாமானிய வேலையல்ல. இதற்கு ஒரு வெள்ளைக்காரர் எழுதி வைத்த சாட்சியம் உண்டு. ஐசக் பைக் என்பவர் செயின்ட் ஹெலினாத் தீவின் கவர்னர். சென்னைப்பட்டணத்துச் சாந்து செய்யும் முறையை அவர் ஒரு குறிப்பாக எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொஸைட்டி 1730-களின் தொடக்கத்தில் அதைத் தன் சஞ்சிகையில் அச்சிட்டது. நியூட்டன் தலைமை வகித்த சபை, நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவத்தைக் குறித்துக்கொண்டது. 15 புஷல் மணல், 15 புஷல் சுண்ணாம்பு. நனைத்து இரண்டு மூன்று நாள் போட்டு வைக்க வேண்டும். பிறகு 20 ராத்தல் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து அடித்துக் குழைக்க வேண்டும். பயறு ஒரு பங்கு, கடுக்காய் ஒரு பங்கு தனித்தனியே கூழாகும் வரை வேகவைத்து வடித்து, அந்த நீரையும் சேர்க்க வேண்டும். மெருகுப் பூச்சுக்கோ முட்டை வெள்ளைக் கரு, நெய், மோர். விருந்துக்குச் சாமான் ஜாபிதா மாதிரி இருக்கிறதல்லவா? இதிலே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விவரம். வெல்லமும் பயறும் கலந்த அந்தத் தண்ணீரிலே கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து வைப்பார்களாம். ஏன் தெரியுமா? சிற்றாட்கள் எடுத்துக் குடித்துவிடாமல் இருப்பதற்காக! சித்தாள் பெண் ஒருத்தி மத்தியான வெயிலில், பானையிலிருக்கும் வெல்லத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கல் சுமந்து போவது என் கண் முன்னே வந்து நிற்கிறது. மாளிகைச் சுவருக்கு மோரும் நெய்யும்; அவளுக்குச் சுண்ணாம்பு.

வெல்லம் வெறும் சம்பிரதாயமல்ல. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும். சாந்து நன்றாகக் குழையும். முட்டையும் மோரும் பூச்சை இறுக்கி ஈரத்தைத் தள்ளும். இப்படிப் பூசி, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்தெடுத்த சுவரைப் பார்த்துத்தான் இங்கே வந்திறங்கிய ஐரோப்பியர்கள் சலவைக்கல் என்று மயங்கினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அந்தச் சுவர்களில் முகம் பார்க்கலாம். அவற்றுக்குப் பெயிண்டே கிடையாது. பூச்சுத்தான் வர்ணம், வர்ணந்தான் பூச்சு.

காத்திருப்பது நமக்கு மட்டும் உரிய குணமென்று பெருமைப்பட வேண்டாம். ரோமாபுரியில் பழைய கட்டடச் சட்டம் ஒன்று, மூன்று வருஷம் ஊறாத சுண்ணாம்பை எந்தக் கான்டிராக்டரும் உபயோகிக்கக் கூடாது என்று விதித்ததாகப் பிளினி எழுதுகிறார். அவருக்கு முந்திய விட்ருவியஸ் என்ற சிற்பி, சரியாக நீறாத சுண்ணாம்பைப் பூசினால் பின்னால் சுவரில் கொப்புளம் கிளம்பும் என்று எச்சரிக்கிறார். அவரே ஒரு கதையும் சொல்கிறார். பபேரியஸ் என்று ஒரு காரியஸ்தர். அவென்டைன் குன்றிலிருந்த தம் வீட்டை ஊர் மெச்ச அலங்கரிக்க எண்ணி, முற்றத்துச் சுவர் முழுவதையும் விலை உயர்ந்த ஜாதிலிங்கச் சிவப்பால் பூசச் செய்தார். வெயில்படும் இடத்தில் அந்த வர்ணம் நிற்காது. முப்பதே நாளில் கறுத்துத் திட்டுத் திட்டாய்ப் போய், வேறு வர்ணம் அடிக்க மறுபடியும் கூலி பேசினாராம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன அந்த மனிதரை நான் என் பந்து என்றே கருதுகிறேன்.

ஆனால் புதுச் சுவருக்குக் காத்திருப்பது ஒன்றுதான் வழி என்பதில்லை. இன்னொரு வழியும் உண்டு. அது நேர் எதிரானது. பூச்சு ஈரமாயிருக்கும் அன்றைக்கே, சில நாழிகைக்குள், வெறும் தண்ணீரில் குழைத்த வர்ணத்தைத் தீட்டிவிடுவது. சுண்ணாம்பு காற்றை வாங்கிக் கல்லாகும்போது வர்ணத்தையும் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுவிடும். எண்ணெய் வேண்டாம், பசை வேண்டாம். எந்தக் காரம் என் பச்சை வர்ணத்தைத் தின்றதோ அதே காரம் இங்கே சித்திரத்தைக் காக்கிறது. காரத்துக்கு அஞ்சாத வர்ணமாக மட்டும் இருக்க வேண்டும்: காவி, மஞ்சட்காவி போன்ற மண் வர்ணங்கள்.

இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோவிலின் கர்ப்பக்கிருகத்தைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் இருண்ட நடை இருக்கிறது. 1931-ம் வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அதற்குள் விளக்கோடு போனார். சுவரிலிருந்தவை நாயக்கர் காலத்துச் சித்திரங்கள். ஆனால் மேற்பூச்சு உதிர்ந்திருந்த இடங்களில் அடியிலே வேறொரு சித்திரம் எட்டிப் பார்த்தது. கண்டவை சோழர் சித்திரங்கள்! வெள்ளை யானை மேல் சுந்தரரும் குதிரை மேல் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சி, திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட பெருமானின் கோலம். 1010-ல் நிறைவெய்திய கோவில். தொள்ளாயிரம் வருஷத்துப் பழைய வர்ணம். சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சைப் பரிசோதித்தார். கருங்கல்லின்மேல் முரட்டுச் சுண்ணாம்புப் பூச்சு ஒன்று, அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று, அது ஈரமாயிருக்கும்போதே தீட்டிய வர்ணம். கட்டிப் பிடித்திருப்பது சுண்ணாம்பேயன்றி வேறில்லை என்று கண்டார்.

நினைத்துப் பாருங்கள். அந்த நடையிலே வெளிச்சமில்லை. எண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். கொத்தன் அன்றைக்குத் தீட்ட முடிந்த அளவுக்கு மட்டும் பூசிவிட்டு விலகுகிறான். ஓவியன் பூச்சு இறுகுமுன் முடித்தாக வேண்டும். தப்பாகப் போட்ட கோட்டை அழித்து எழுத முடியாது. சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசவேண்டியதுதான். நாயக்கர் காலத்தில் அந்தச் சோழ வர்ணத்தின்மேல் புதுச் சாந்தைப் பூசியவன் அதை அழித்தானா, காப்பாற்றினானா என்று எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. கீழே இருந்ததை மறைத்தான். மறைத்ததனாலேயே புகையும் கையும் படாமல் வைத்தான். பிற்காலத்தில் தொல்பொருள் துறையினர் அந்த மேல்சித்திரத்தையும் வீணாக்காமல், படலமாகவே பெயர்த்துப் பலகையில் ஏற்றி, அடியிலிருந்த சோழர் சித்திரத்தை வெளிக்கொணர்ந்தார்கள்.

இந்த அவசரம் ஒத்துவராத மேதையும் உண்டு. லியனார்டோ டாவின்சி 1495 முதல் 1498 வரை மிலான் நகரத்து மடம் ஒன்றின் போஜனசாலையில் ஏசுநாதரின் கடைசி விருந்தைத் தீட்டினார். சாரத்தின்மேல் ஏறி நாள் முழுதும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, இரண்டு கோடு இழுத்துவிட்டு இறங்கிப்போவாராம். நேரில் கண்ட ஒருவர் எழுதியிருக்கிறார். ஈரப் பூச்சு அப்படிப்பட்டவருக்காகக் காத்திருக்குமா? ஆகையால் அவர் உலர்ந்த சுவரில் தீட்டினார். இருபது வருஷத்துக்குள் வர்ணம் உரியத் தொடங்கியது. 1566-ல் போய்ப் பார்த்த வஸாரிக்குத் தெரிந்தது வெறும் கறை. 1999-ல் முடிந்த கடைசிப் பழுதுபார்ப்புக்கு ஏறத்தாழ இருபது வருஷம் பிடித்தது. சித்திரத்தைத் தீட்ட ஆனதோ மூன்றே வருஷம்.

சுண்ணாம்பின் ராஜ்யத்தைக் கவிழ்த்தது சிமெண்டு. லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோஸப் ஆஸ்ப்டின் 1824-ல் அதற்குப் பேடண்டு வாங்கினார். இந்தியாவில் 1904-ல் சென்னையில்தான் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்டு செய்யப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை, 1914-ல் போர்பந்தரில் நிலைத்தது. சிமெண்டுக்கு வருஷக்கணக்கில் காற்று வேண்டாம், தண்ணீர் போதும். சில நாளில் இறுகிவிடும். இறுகிவிட்டதால் ஆயிற்று என்று எண்ணிவிடுகிறோம். அங்கேதான் என்னைப் போன்றவர்கள் ஏமாறுவது. இறுகும்போது அது உள்ளுக்குள் சுண்ணாம்பைத் தானே பெறுகிறது. புதுச் சிமெண்டுப் பூச்சின் காரம் பழைய காரைக்குச் சற்றும் குறைந்ததல்ல. பூசியபின் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு குறைந்தது நான்கு வாரம் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு உலர விடவேண்டும். மழைக்காலமானால் அதுவும் போதாது. உப்புப் பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியெடுக்க வேண்டுமே தவிர, நான் செய்தது போல ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே போய், மறுபடி வெளியே வரும். இன்றைக்குக் காரந் தாங்கும் பிரைமரும் எண்ணெய் இல்லாத வர்ணங்களும் வந்துவிட்டன. அவையும் காய்ந்த சுவரைத்தான் கேட்கின்றன.

வெள்ளை மட்டும் எப்படி அன்றைக்கே அடிக்கலாம்? அதுவும் சுண்ணாம்புதானே. காரத்தோடு காரம் சண்டை போடாது. சுவர் மூச்சு விடவும் அது தடை செய்யாது. வாடகை வீடுகளில் அப்பாவின் சட்டை முதுகைப் பாழாக்கிய அந்த வெள்ளைதான் புதுச் சுவருக்கு ஏற்ற ஒரே உடுப்பு. ஒட்டியதற்குக் காரணம் வீட்டுக்காரரின் சிக்கனம். புதிதாகத் தாளித்த சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் வஜ்ஜிரமோ கஞ்சியோ கலந்து, சுவரை நனைத்துவிட்டு அடித்திருந்தால் அவ்வளவு எளிதில் ஒட்டியிராது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பின்னால். அந்தத் தை மாதம் கொத்தனாரை மறுபடி அழைத்துவந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் வெட்கம் ஒன்றுதான். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுரண்டியை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறையில் நுழைந்தார். அப்பா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார்; படுத்தால் மூச்சு முட்டும்.

"கொத்தனாரே, தொந்தரவு கொடுத்துவிட்டோம். வெள்ளையே அடித்துவிடும்" என்றார் அப்பா.

"வேணாம் ஐயா. நீங்க கேட்ட பச்சைதான். சுவரு கொஞ்சம் ஆறட்டும்."

சுரண்டி முடிக்க மூன்று நாளாயிற்று. தூசி ஆகாதென்று அப்பாவைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தோம். நான்காம் நாள் திரும்பி வந்து அந்தச் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்தார். கையை நீட்டித் தொட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "ஒட்டவில்லையே!" என்றார். அதிலேயே ஒரு திருப்தி அவருக்கு.

பங்குனியில் அவர் போய்விட்டார். சுவர் அப்போதும் சாம்பல் நிறமாகவே இருந்தது.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. ஆவணியில் கொத்தனார் வந்தார். சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார், புறங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "ஆச்சி, கொஞ்சம் மஞ்சள் குழைச்சுக் கொண்டாங்க" என்றார். மஞ்சளைத் தானே சுவரில் வைக்க அவளுக்கு மனமில்லை. கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். கட்டில் தலைமாட்டுக்கு மேலே என் விரலால் ஒரு வட்டம் தீற்றினேன். மூன்று பேரும் நின்று பார்த்தோம். ஒரு நாழிகை ஆயிற்று. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

மறுநாள் பச்சை அடித்தார்கள். இருபத்து மூன்று வருஷம் அது கொப்புளிக்கவில்லை. பெயிண்டுக்காரர் தலைமாட்டுப் பக்கம் வந்தபோது மட்டும் அம்மா உள்ளே வந்து, அந்த மஞ்சள் வட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் அடிக்கச் சொன்னாள்.